பனியன் கம்பெனிக்குப் புது முதலாளி: முதல் ஆறு மாதத்தில் பழக வேண்டியவை

திருப்பூரில் முதலாளியாவது அப்படியொன்றும் அபூர்வமில்லை. கட்டிங் மாஸ்டராக இருந்தவர் நான்கு மெஷின் வாங்கிப் போடுகிறார். ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசராக இருந்த பெண் வேலையை விட்டுவிட்டு இருபது மெஷினோடு ஜாப் ஒர்க் (அடுத்தவர் ஆர்டரைக் கூலிக்குத் தைத்துக் கொடுப்பது) தொடங்குகிறார். அப்பாவுக்கு உடம்புக்கு முடியாமல் போனதும், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்த மகன் வந்து சாவியை வாங்கிக்கொள்கிறான். இவர்களுக்குத் தொழில் ஓரளவு தெரியும், அல்லது சீக்கிரம் தெரிந்துவிடும். தெரியாதது, முப்பது நாற்பது பேரை வைத்து நடத்துவது. அதை எப்படிப் பழகுவது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை. உதாரணங்கள் எல்லாம் பனியன் தொழிலிலிருந்து வரும். எனக்குத் தெரிந்தது அதுதான்.

நல்ல முதலாளிக்கு என்ன குணம் வேண்டும் என்று கேட்டால் தைரியம், தொலைநோக்கு, பேச்சு வன்மை என்று ஒரு பட்டியல் வரும். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை கிடையாது. நாலு பேர் முன்னால் பேசவே கூசுகிறவர்கள் அருமையாக நடத்தும் கம்பெனிகளைப் பார்த்திருக்கிறேன். சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடாதவர்கள் இழுத்து மூடியதையும் பார்த்திருக்கிறேன். ஒரு கம்பெனிக்குள் போனால் நான் ஒன்றைத்தான் கவனிப்பேன். இங்கே ஒரு தப்பு நடந்தால் அது முதலாளி காதுக்கு எத்தனை மணி நேரத்தில் வரும்?

இது எனக்குச் செலவு வைத்துச் சொல்லிக்கொடுக்கப்பட்ட பாடம். நான் யூனிட் ஆரம்பித்த முதல் வருடம், 6,000 நேவி ப்ளூ டி-ஷர்ட் ஆர்டர் ஓடிக்கொண்டிருந்தது. கழுத்துப் பட்டிக்கு வந்த ரிப் துணி (இழுபடுகிற பின்னல் துணி) வேறு லாட்டில் சாயம் போட்டது. பாடித் துணியைவிட ஒரு சாயல் வெளுப்பு. செக்கிங்கில் இருந்த அக்கா அதை முதல் நாள் மதியமே பார்த்துவிட்டார். எனக்குத் தெரிந்தது நான்காம் நாள். அதற்குள் 3,200 பீஸ் தைத்தாகிவிட்டது. பிரித்துத் தைத்ததில் பாதிதான் தேறியது, மீதிக்குப் புதிதாகக் கட்டிங் போட்டோம். தூத்துக்குடியில் கப்பலைத் தவறவிட்டு விமானத்தில் அனுப்பினோம், அந்தச் சரக்குக் கட்டணம் எங்கள் தலையில். அந்த ஆர்டரில் லாபம் என்று எதுவும் மிஞ்சவில்லை.

பிறகு அந்த அக்காவிடம் கேட்டேன். “சொல்லலாம்னுதானுங்க ஆபீஸ் வரைக்கும் வந்தேன். நீங்க போன்ல யாரையோ திட்டிட்டிருந்தீங்க. திரும்பிப் போயிட்டனுங்க” என்றார். அதற்கு முந்தின வாரம் ஒரே ஒரு பீஸில் எண்ணெய்க் கறை இருந்ததற்காக, மொத்தப் பவர்டேபிளும் (தையல் மெஷின் வரிசை) பார்க்கக் கட்டிங் மாஸ்டரை நான் திட்டித் தீர்த்ததும் அவருக்கு ஞாபகம் இருந்திருக்கும். ஆக, அந்த நஷ்டத்தை நானேதான் இழுத்துவைத்தேன். கீழே சொல்லும் பழக்கம் ஒவ்வொன்றும் அந்த நான்கு நாளை நான்கு மணி நேரமாகக் குறைப்பதற்கானது.

முதல் இரண்டு வாரம்: நடந்து பாருங்கள், வாயைத் திறக்காதீர்கள்

ஷிப்ட் 8.30க்கு என்றால் 8.15க்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டும். கட்டிங், பவர்டேபிள், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று துணி போகிற வழியிலேயே ஒரு நடை. தினமும் அதே வழி, அதே நேரம். முதலாளி வருகிறார் என்பதே ஒரு சமாச்சாரமாக இல்லாமல் போகும்வரை நடக்க வேண்டும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆகும். அதுவரை எல்லோரும் குனிந்தபடி வேகமாகத் தைப்பார்கள், நீங்கள் பார்ப்பது நாடகம்.

போனை ஆபீஸிலேயே வைத்துவிடுங்கள். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டும் பேனாவும் போதும். ஒவ்வோர் இடத்திலும் மூன்றே கேள்வி: நேற்று எத்தனை ஓடியது, எங்கே நின்றது, இன்றைக்கு எது பற்றாது. பதிலைக் குறித்துக்கொள்ளுங்கள். “அதை இப்படிச் செய்திருக்கலாமே” என்று நாக்கின் நுனிவரை வரும், விழுங்கிவிடுங்கள். இந்த இரண்டு வாரத்தில் நீங்கள் போடுகிற உத்தரவில் முக்கால்வாசி தப்பாகத்தான் இருக்கும்.

டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கியவர்களில் ஒருவரான தாய்ச்சி ஓனோ, தொழிற்சாலைத் தரையில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டு, மேலாளர்களை அதற்குள் நின்று பார்க்கச் சொல்வாராம். மணிக்கணக்கில் நிற்க வேண்டும். எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்ல மாட்டார். நீங்களும் ஒருநாள் செக்கிங் டேபிளுக்குப் பக்கத்தில் ஒரு மணி நேரம் நின்று பாருங்கள். ஒரு பண்டல் வந்து எவ்வளவு நேரம் சும்மா கிடக்கிறது, ஒரு டெய்லர் நூல்கண்டுக்காக எத்தனை முறை எழுந்து போகிறார், டெய்லருக்கு உதவுகிற கைமடிப் பையன் யாரைப் பார்த்துப் பயப்படுகிறான் என்பதெல்லாம் அங்கே நின்றால்தான் தெரியும்.

பெயர்களைப் பழகிக்கொள்ளுங்கள். இன்றைக்குப் பாதி லைன் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவர்களாக இருக்கலாம். “ஏ பையா” என்று கூப்பிடுகிற முதலாளிக்கு எந்தப் பையாவும் எதையும் வந்து சொல்ல மாட்டார். இந்தியில் ஒரு முப்பது வார்த்தை போதும். தப்பாகப் பேசினால் சிரிப்பார்கள், சிரித்தால் நல்லது.

அந்த நோட்டில் இன்னொரு வேலையும் உண்டு. ஏதாவது ஒரு கோளாறு உங்களுக்குத் தெரியவந்தால் அதை எழுதி, பக்கத்தில் ஓர் எழுத்துப் போடுங்கள். நீங்களாகக் கண்டுபிடித்தது என்றால் ‘க’. யாராவது தானாக வந்து சொன்னது என்றால் ‘வ’. எதற்கு என்று கடைசியில் சொல்கிறேன்.

மூன்றாம் வாரத்திலிருந்து: கெட்ட சேதியை வாங்கிக்கொள்ளும் விதம்

மற்ற எல்லாவற்றையும்விட இதைத்தான் பழக அதிக நாள் ஆனது எனக்கு. கெட்ட சேதி வந்ததும் முகம் மாறுவது அனிச்சையாக நடக்கும். எதிரில் நிற்பவர் வார்த்தையைக் கேட்பதற்கு முன்னால் முகத்தைத்தான் படிக்கிறார். முகத்தை அடக்குவது எல்லோருக்கும் கைவராது, எனக்கும் வரவில்லை. ஆனால் முதல் வார்த்தையை முன்கூட்டியே முடிவு செய்து வைத்துக்கொள்ளலாம். நான் வைத்துக்கொண்டது: “சரி, எத்தனை பீஸ்?”

அது ஒரு கேள்வி, அதற்கு ஓர் எண் பதில். எண்ணைச் சொல்லும்போது சொல்பவருக்கும் பதற்றம் இறங்கும், நமக்கும் இறங்கும். அடுத்து “இப்போதைக்கு என்ன நிறுத்தணும்?” யார் செய்தது, ஏன் நடந்தது என்பதெல்லாம் நாளைக் காலைக்கு. அன்றைக்கே கேட்டால் கிடைப்பது காரணம் அல்ல, சாக்கு.

டொயோட்டா லைனில் பல காலம் ஒரு கயிறு தொங்கியது. கோளாறைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம், மேற்பார்வையாளர் ஓடி வருவார், சரியாகவில்லை என்றால் லைன் நிற்கும். நமக்கு அத்தனை ஏற்பாடு வேண்டியதில்லை. ஒவ்வொரு டேபிளிலும் ஒரு சிவப்புத் துணித் துண்டு, அதை மெஷின்மேல் போட்டால் சூப்பர்வைசர் வர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முதல் தடவை ஒருவர் தேவையில்லாமல் போட்டுவிட்டால் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதை மொத்தக் கம்பெனியும் பார்த்துக்கொண்டிருக்கும். ‘கூப்பிட்டது நல்லதுதான்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள். சலித்துக்கொண்டீர்கள் என்றால் அந்தத் துணி அப்புறம் மெஷின் துடைக்கத்தான் உதவும்.

இங்கே புதியவர்கள் விழுகிற ஒரு குழி உண்டு. ஒரு டெய்லர் நேராக உங்களிடம் வந்து கோளாறைச் சொல்கிறார். நீங்கள் உடனே சூப்பர்வைசரைக் கூப்பிட்டு “இது உனக்குத் தெரியாதா?” என்கிறீர்கள். அடுத்த வாரம் அந்த டெய்லருக்குக் கஷ்டமான ஆபரேஷனும் குறைந்த பீஸும் வந்து சேரும். உங்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. அதனால் சேதி சொன்னவர் யார் என்பதை விட்டுவிடுங்கள். சூப்பர்வைசரைத் தோளில் கைபோட்டுக் கூட்டிக்கொண்டு போய், இருவரும் சேர்ந்து பீஸைக் கையில் எடுத்துப் பாருங்கள். அவரே கண்டுபிடித்ததுபோல ஆகட்டும், நமக்கு என்ன நஷ்டம்?

மறுநாள் காலை காரணம் தேடும்போது ‘ஏன்’ என்று திரும்பத் திரும்பக் கேட்பது பழைய முறை, அதுவும் டொயோட்டாவிலிருந்து வந்ததுதான். எங்களிடம் துணியில் ஊசி ஓட்டை வந்துகொண்டே இருந்தது. ஏன்? ஊசி முனை மழுங்கியிருக்கிறது. ஏன் மாற்றவில்லை? பழைய ஊசியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால்தான் புதுசு கிடைக்கும். எக்ஸ்போர்ட் வேலையில் உடைந்த ஊசித் துண்டு துணிக்குள் போய்விடக் கூடாது என்பதற்கான விதி அது, சரியான விதி. அப்படியென்றால் வாங்க வேண்டியதுதானே? ஸ்டோர்காரர் ஆறு மணிக்குப் போய்விடுகிறார். லைன் ஓடுவதோ எட்டரை வரை. ஆக, ஓட்டைகள் எல்லாம் மாலை நேரத்து ஓட்டைகள். ஊசிப் பெட்டியையும் கையெழுத்து நோட்டையும் ஆறு மணிக்கு மேல் சூப்பர்வைசரிடம் ஒப்படைத்தோம், பிரச்சினை தீர்ந்தது. முதல் ‘ஏன்’ கேட்டதுமே டெய்லரைத் திட்டியிருந்தால் அவர் மழுங்கிய ஊசியோடே இன்னும் மெதுவாக ஓட்டியிருப்பார்.

இரண்டாம் மாதம்: தேதியில் நாணயம்

மற்றவர்கள் உங்களிடம் கெட்ட சேதி சொல்ல வேண்டும் என்றால், நீங்களும் அவர்களிடம் நேரத்தோடு சொல்பவராக இருக்க வேண்டும். இதற்குப் பரீட்சை ஒவ்வொரு சனிக்கிழமையும் நடக்கும்.

சனிக்கிழமைச் சம்பளத்தை நம்பி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை, சீட்டு, ரூம் வாடகை எல்லாம் இருக்கிறது. தனியாக ஒரு வங்கிக் கணக்கு திறங்கள். எந்தப் பணம் வந்தாலும் அந்த வாரச் சம்பளத்துக்கான தொகை முதலில் அதற்குள் போகட்டும். அதைத் தொட்டு நூல் வாங்குவதில்லை என்று ஒரு வைராக்கியம் வேண்டும். அப்படியும் ஒரு வாரம் முடியவில்லை என்றால் வியாழக்கிழமையே கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள்: இவ்வளவுதான் இருக்கிறது, பாதி சனிக்கிழமை, மீதி புதன்கிழமை. சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு, வரிசையில் நிற்பவர்களிடம் மேனேஜரை விட்டுச் சொல்லவைப்பது இருக்கிறதே, அதைவிடக் கேவலம் இந்தத் தொழிலில் கிடையாது.

மற்றத் தேதிகளைச் சுவரில் எழுதுங்கள். மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு விற்பனை விவரம் காட்டும் ஜிஎஸ்டிஆர்-1 மறுமாதம் 11, வரி கட்டும் 3பி 20. பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. இரண்டும் 15. இதில் பி.எஃப். விஷயம் தனி. தொழிலாளி சம்பளத்தில் பிடித்த பணம் உங்களுடையது இல்லை. நெருக்கடியில் அதை எடுத்துப் புரட்டியவர்களை எனக்குத் தெரியும், முதலில் ஒரு மாதம்தான் என்று தொடங்குவார்கள்.

ஆர்டர் தருகிற பையரிடமும் இதே கதைதான். டெலிவரி தள்ளிப்போகும் என்று தெரிந்த அன்றைக்கே அவருக்காக இங்கே வேலை பார்க்கிற பையிங் ஆபீஸுக்குச் சொல்லிவிட வேண்டும். பதினைந்து நாள் முன்னால் சொன்னால் கப்பலை மாற்றிப் பேசலாம், பாதி சரக்கை முதலில் அனுப்பலாம். கடைசி இரண்டு நாளில் சொன்னால் விமானம், இல்லையென்றால் டிஸ்கவுண்ட்.

வர வேண்டிய பணத்துக்கும் வாயைத் திறக்க வேண்டும். உதயம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிற குறு, சிறு நிறுவனமாக இருந்து சரக்கோ ஜாப் ஒர்க்கோ செய்து கொடுத்தால், எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லையென்றால் 15 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது 2006ஆம் வருடத்துச் சட்டம். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, அந்தக் கெடு தாண்டிய பாக்கியைக் கையில் கொடுத்த வருடத்தில்தான் வாங்குபவர் வருமான வரியில் செலவாகக் காட்ட முடியும். அதனால் மார்ச் மாதம் கேட்டால் கொஞ்சம் மரியாதை கிடைக்கிறது. உங்களுக்குத் தைத்துத் தருகிற சின்ன ஜாப் ஒர்க்காரருக்கும் இதே சட்டம்தான், அதையும் மறக்க வேண்டாம்.

மூன்றாம் மாதம்: ராத்திரிக் காகிதமும் ரூபாய் எல்லையும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தினமும் வீட்டுக்குக் கிளம்பும் முன் ஒரே ஒரு தாள்: கட்டிங் எத்தனை, தைத்தது எத்தனை, செக்கிங் தாண்டியது எத்தனை, பேக் ஆனது எத்தனை. கீழே, கையிருப்பு எவ்வளவு, அடுத்த 14 நாளில் வருவது எவ்வளவு, போவது எவ்வளவு. சாஃப்ட்வேர் இருந்தாலும் இதைக் கையால் எழுதுங்கள். கட்டிங்குக்கும் பேக்கிங்குக்கும் நடுவில் காணாமல் போகிற பீஸ்கள் எழுதும்போதுதான் உறுத்தும். ஒரு பீஸின் அடக்க விலையையும் நூலில் ஆரம்பித்து நீங்களே போடப் பழகுங்கள். டையிங்குக்கு நூறு கிலோ கொடுத்தால் நூறு கிலோ திரும்பாது. எவ்வளவு திரும்புகிறது என்று கணக்காளரைக் கேட்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

அப்புறம், எதற்கெடுத்தாலும் உங்களைக் கேட்க வேண்டும் என்ற நிலையை ஒழியுங்கள். ஒரு வாரம் உங்களுக்கு வருகிற போன்களைக் குறித்துப் பாருங்கள். நான் பார்த்தபோது பாதிக்கு மேல் நூல், பட்டன், மெக்கானிக், டெம்போ வாடகை. சூப்பர்வைசருக்கு 3,000, மேனேஜருக்கு 10,000 என்று ஓர் எல்லை போட்டேன். அதுவரைக்கும் செலவு செய்துவிட்டுச் சொன்னால் போதும். முதல் மாதம் இரண்டு தடவை ஏமாந்தோம். பரவாயில்லை, போன் அடிக்காததால் மற்றப் பாதி காதில் விழ ஆரம்பித்தது.

எப்போது வேண்டுமானாலும் வரும் சிக்கல்: ஆபீஸில் இரண்டு முதலாளி

அப்பாவிடமிருந்து சாவி வாங்கியவர்களுக்கு இந்தப் பகுதி. அப்பா ஓய்வு என்று சொல்லிவிட்டு மறுநாளும் பத்து மணிக்கு வந்து அதே நாற்காலியில் உட்காருவார். இருபது வருடமாக இருக்கிற கட்டிங் மாஸ்டர் உங்களிடம் தலையாட்டிவிட்டு அப்பாவிடம் போய்க் கேட்பார். அப்பா வேறு சொல்வார். இப்போது கெட்ட சேதி உங்களுக்கு வராது, அவருக்குத்தான் போகும். அவர் உங்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று வைத்துக்கொள்வார்.

சண்டை போட்டு ஆகப் போவதில்லை. வீட்டில், சாப்பாட்டுக்கு அப்புறம், அம்மாவும் இருக்கும்போது பேசுங்கள். “அப்பா, ஃப்ளோர் என்கிட்ட விடுங்க. நூல் மில்லும் பேங்க்கும் நீங்க பாருங்க, உங்க முகத்துக்குத்தான் அவங்க மரியாதை தருவாங்க” என்று சொல்லலாம். அது பொய்யும் இல்லை. மில்காரர் கடன் தருவது அப்பா பெயருக்குத்தான், அந்த வேலையைப் பிடுங்கிக்கொள்ளவும் கூடாது. பிரித்துக்கொண்டதை மறுநாள் இருவரும் சேர்ந்து நின்று மாஸ்டர்களிடம் சொல்லுங்கள். அதற்குப் பிறகு யாராவது அப்பாவிடம் ஃப்ளோர் விஷயம் கேட்டால் “தம்பிகிட்டக் கேளு” என்று அவர் ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். அந்த ஒரு தடவை வர மூன்று மாதம்கூட ஆகலாம். மகள் பொறுப்பெடுத்தால் “பாப்பாகிட்டக் கேளு” என்பதற்கு இன்னும் கொஞ்சம் கூடவே ஆகும், அது நம் ஊர் லட்சணம்.

அப்பா இல்லாதவர்கள், முகத்துக்கு நேரே ‘நீ செய்வது தப்பு’ என்று சொல்லக்கூடிய ஒருவரைத் தேடி வைத்துக்கொள்ள வேண்டும். ஆடிட்டராக இருக்கலாம், மனைவியோ கணவரோ இருக்கலாம், தொழிலை விட்டுவிட்ட பழைய ஆளாக இருக்கலாம். உங்களிடம் சம்பளமோ ஆர்டரோ வாங்குபவராக மட்டும் இருக்கக் கூடாது.

கோபத்தைப் பற்றி ஒரே வரி. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் கோபமாக எழுதுகிற வாட்ஸாப்பை எழுதிவிட்டு அனுப்பாமல் தூங்குங்கள், காலையில் அதைப் படித்தால் நமக்கே வெட்கமாக இருக்கும்.

கெட்ட காலம் வரும்போது

திருப்பூரில் அது வராமல் இருக்காது. 2011 ஜனவரி கடைசியில் உயர்நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மொத்தமாக மூடப்பட்டன. துணி சாயம் போடப் பக்கத்து மாநிலங்கள்வரை அலைந்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, ஹாஸ்டல்களில் இருந்த வெளிமாநிலத்து ஆட்கள் சோற்றுக்கும் டிக்கெட்டுக்கும் தவித்தார்கள். 2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி இந்தியச் சரக்கின்மேல் அமெரிக்க வரி 50 சதவீதமாக ஏறியது, அமெரிக்க ஆர்டரையே நம்பியிருந்தவர்கள் ஒரே வாரத்தில் கட்டிங்கை நிறுத்தினார்கள்.

இந்த மாதிரி நேரத்தில் முதலாளிக்குத் தோன்றுவது ஆபீஸ் கதவைச் சாத்திக்கொள்வது. எனக்கும் தோன்றியது. ஆனால் கதவு சாத்தின அரை மணியில் ‘கம்பெனியை விக்கிறாங்களாம்’ என்று டீக்கடைவரை பரவிவிடும். நல்ல டெய்லர்கள்தான் முதலில் வேறு இடம் பார்ப்பார்கள், அவர்களுக்குத்தான் வேலை கிடைக்கும். அன்றைக்கே எல்லோரையும் கூப்பிட்டு, கையில் எத்தனை நாள் வேலை இருக்கிறது, எத்தனை வாரச் சம்பளத்துக்குப் பணம் இருக்கிறது, அடுத்த கூட்டம் எந்தத் தேதி என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். நம்பிக்கை வார்த்தை எதுவும் சேர்க்க வேண்டாம். சொன்ன தேதியில், சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், மறுபடி வந்து நில்லுங்கள்.

ஆறாம் மாதம்: நோட்டை எடுங்கள்

முதல் மாதப் பக்கங்களில் எத்தனை ‘க’, எத்தனை ‘வ’ என்று எண்ணுங்கள். அப்புறம் ஆறாம் மாதத்துக்கு எண்ணுங்கள். மொத்தக் கோளாறுகள் கூடியிருந்தால் பயப்பட வேண்டாம், முன்பு தெரியாமல் இருந்தவை இப்போது தெரிகின்றன. ‘வ’ கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. எந்தப் பிரிவிலிருந்து ஒரு ‘வ’கூட வரவில்லையோ, அந்தப் பிரிவுச் சூப்பர்வைசரோடு உட்கார்ந்து ஒரு டீ குடியுங்கள்.

நான் நோட்டுப் போட ஆரம்பித்தது அந்த நேவி ப்ளூவுக்கு அப்புறம்தான். முதல் மாதம் 19 ‘க’, 2 ‘வ’. ஆறாம் மாதம் 11 ‘க’, 14 ‘வ’. அதில் ஒன்று, மதியம் இரண்டு மணிக்கு ஆபீஸ் வாசலில் செக்கிங் அக்கா. கையில் மெரூன் டி-ஷர்ட். நான் போனில்தான் இருந்தேன். அவர் திரும்பிப் போகவில்லை. உள்ளே வந்து மேஜைமேல் வைத்துவிட்டு, “ரிப்பு இன்னிக்கும் ஒத்துப்போகலீங்க. நூத்தி இருபது பீஸ்தான் ஆயிருக்குது, லைனை நிறுத்தச் சொல்லிட்டு வந்திருக்கிறனுங்க” என்றார்.